கிளிப் கழற்றிய பின் பல்லில் வெள்ளைப் புள்ளிகள்: காரணமும் பரிகாரமும்

அண்மைக் காலமாக அளவெட்டியிலும் அயற்கிராமங்களிலும் பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளைப் பரவலாகக் காண்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன்னர் இது வசதி படைத்தவர்களின் காரியமாகவே இருந்தது. இன்று அரச வைத்தியசாலையில் முறைவரும்வரை காத்திருந்து சிலரும், கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினர் அனுப்பும் பணத்தைக் கொண்டு தனியார் சிகிச்சை நிலையங்களில் வேறு சிலரும், மிதந்த பற்களையும் நெருங்கி முளைத்த பற்களையும் வரிசைப்படுத்திக் கொள்கிறார்கள். இது நல்ல காரியமே. வரிசையான பற்கள் தோற்றத்துக்கு மட்டுமன்றி, நன்றாகக் கடிப்பதற்கும் இலகுவாகத் துப்புரவு செய்வதற்கும் உதவுகின்றன.

எனினும், ஒன்றரை அல்லது இரண்டு வருடம் பொறுத்திருந்து கிளிப்பைக் கழற்றும் நாளில் சில வீடுகளில் ஏமாற்றம் ஏற்படுகிறது. பற்கள் வரிசைக்கு வந்துவிட்டன. ஆனால் முன்பற்களில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. பல்லை மறைக்க முன்பு வாயைப் பொத்திச் சிரித்த பிள்ளை, இப்போது புள்ளியை மறைக்க மீண்டும் வாயைப் பொத்துகிறது.

இந்த நிலையில் பெற்றோர் மூன்று விதமாக நடந்துகொள்வதை நாம் கண்டிருக்கிறோம். சிலர் கிளிப்தான் பல்லைக் கெடுத்தது என்று முடிவுகட்டி, அடுத்த பிள்ளைக்குத் தேவையான சிகிச்சையையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் உமிக்கரியும் தேசிக்காயும் கொண்டு புள்ளியைத் தேய்த்து எடுக்க முயல்கிறார்கள். வேறு சிலர் நகையை அடகு வைத்தாவது பல்லை மூடிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். இம்மூன்றிலும் நட்டம் பிள்ளைக்கே. ஆகவே இப்புள்ளிகள் எவ்வாறு வருகின்றன, அவற்றை எந்த ஒழுங்கில் அணுக வேண்டும் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பல்லின் மேலோடும் எங்கள் மண்ணின் கல்லும்

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது மிளிரி. எனாமல் என்றும் இதனைச் சொல்வார்கள். உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது இதுவே. இதன் நிறையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கனிப்பொருள். கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த நுண்ணிய பளிங்குகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எலும்பு முறிந்தால் வளர்ந்து பொருந்தும். மிளிரியை உண்டாக்கிய கலங்களோ பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே உடைந்துபோன மிளிரி மறுபடி வளர்வதில்லை.

இவ்வளவு கடினமான பொருளுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது அமிலத்தில் கரையும். யாழ்ப்பாணத்தில் வாழும் எமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. எங்கள் செம்மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். சிறிதளவு அமிலத்தன்மை கொண்ட மழைநீர் நெடுங்காலமாக அக்கல்லினூடே இறங்கி, உள்ளே பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறும் இவ்வாறு கல் கரைந்து உண்டானதே. மேலே நிலம் உறுதியாகத் தெரியும். கீழே கல் கரைந்திருக்கும். பல்லில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். மேற்பரப்பு உடையாமல் இருக்க, அதன் கீழே கனிப்பொருள் கரைந்து நுண்ணிய துளைகள் உண்டாகின்றன.

அப்படியானால் அவ்விடம் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? கற்கண்டுக் கட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடும். அதையே உரலில் இட்டு இடித்தால் வெண்மையான தூளாகிறது. பொருள் மாறவில்லை, துணிக்கைகளுக்கு இடையே காற்றுப் புகுந்து ஒளியைச் சிதறச் செய்கிறது. நலமான மிளிரி கற்கண்டுக் கட்டியைப் போன்றது. கனிப்பொருள் குறைந்த இடத்தில் நீரும் காற்றும் புகுந்துகொள்வதால் அது வெளிறித் தெரிகிறது. பல்லை உலர்த்தும்போது புள்ளி இன்னும் பளிச்சென்று தெரிவதும் இதனாலேயே. பல்வைத்தியர் காற்றடித்துப் பல்லை உலர்த்திப் பார்ப்பது இத்தகைய புள்ளிகளை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வதற்காகத்தான்.

இவ்வெள்ளைப் புள்ளி, பற்சூத்தையின் முதற்படி. இன்னும் குழி விழவில்லை. ஆகவே இது ஓர் எச்சரிக்கை; அதே வேளையில் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் கடைசி நல்ல சந்தர்ப்பமும் ஆகும்.

கிளிப்பைச் சுற்றி ஏன் வருகிறது?

அமிலத்தைக் கிளிப் உண்டாக்குவதில்லை. வாயிலுள்ள பற்றீரியாக்கள் பல்லின்மீது ஒட்டும் தன்மையான படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் சீனியையும் மாப்பொருளையும் அவை புளிக்க வைத்து அமிலத்தை வெளிவிடுகின்றன. பல்லின்மீதுள்ள அமில அளவு பி.எச். 5.5 என்ற எல்லைக்குக் கீழே இறங்கும்போது மிளிரி கரையத் தொடங்குகிறது. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, தன்னிலுள்ள கல்சியத்தையும் பொசுபேற்றையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். இவ்வாறு இழப்பும் மீட்பும் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருக்கின்றன. இழப்பு மீட்பை மிஞ்சும்போதுதான் புள்ளி விழுகிறது.

பல்லில் ஒட்டப்பட்ட சிறு கட்டைகளும் அவற்றை இணைக்கும் கம்பியும் உணவும் படலமும் தங்குவதற்கு நூறு மூலைகளை உண்டாக்குகின்றன. நாக்கும் உதடும் உமிழ்நீரும் வழமைபோல அவ்விடங்களைக் கழுவ முடிவதில்லை. கட்டைக்கும் முரசுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பகுதியே மிகவும் பாதிக்கப்படுவது. ஒழுங்காகத் துலக்காவிட்டால் நான்கு வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் புள்ளி விழக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொரெலிக் என்பவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட ஆய்வில், கிளிப் போட்டுக் கழற்றியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒரு பல்லிலாவது வெள்ளைப் புள்ளி காணப்பட்டது. கிளிப் போடாதவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கே அது இருந்தது. வசதி நிறைந்த நாட்டிலும் நிலைமை அதுவே. ஆகவே புள்ளி விழுந்த பிள்ளையை ‘துப்புரவு இல்லாதவன்’ என்று திட்டுவதும், கிளிப் போட்ட வைத்தியரைப் பழிப்பதும் பயனற்றவை.

எங்கள் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. சீனியை அல்லது பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடிப்பது எமக்குப் பிரியமானது. ஒரு வேளை குடித்து முடிப்பதில் பெரிய தீங்கில்லை. படிக்கும் மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு, இடைக்கிடை இனிப்பைக் கடித்தபடி இரண்டு மணி நேரம் இருப்பதுதான் தீங்கு. உட்கொள்ளும் இனிப்பின் அளவைவிட, எத்தனை முறை உட்கொள்கிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு கடியும் அமிலக் கடிகாரத்தை மறுபடி தொடக்கிவிடுகிறது. சோடா, டொபி, பிஸ்கற் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்லா வெள்ளையும் கிளிப்பால் வந்ததன்று

சிகிச்சைக்கு முன் இன்னொன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புள்ளி எப்போது வந்தது? கிளிப் போடுவதற்கு முன்னர் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். சிரித்த முகத்துடன் உள்ள ஒரு படம் போதும்.

பல் முளைக்க முன்னரே வரும் வெள்ளைத் தழும்புகளும் உண்டு. அவற்றுள் முக்கியமானது குடிநீரிலுள்ள மிகுதியான புளோரைட்டினால் வருவது. நிரந்தர முன்பற்களின் மிளிரி, பிறந்தது முதல் நான்கு ஐந்து வயது வரையில் தாடை எலும்புக்குள்ளே உருவாகிறது. அக்காலத்தில் பிள்ளை புளோரைட்டு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் மிளிரி சரியாக முற்றுவதில்லை. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகருக்கு 1901இல் சென்ற பல்வைத்தியர் மக்கேய், அங்குள்ளவர்களின் பற்களில் இருந்த கறைகளைக் கண்டு பல வருடங்கள் ஆராய்ந்தார். காரணம் நீரிலுள்ள புளோரைட்டு என்பதை 1931இல் சேர்ச்சில் என்ற இரசாயன அறிஞர் கண்டுபிடித்தார். இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. வவுனியாவிலும் சில இடங்களில் குழாய்க் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுதி.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீரில் கல்சியம் நிறைய உண்டு. கல்சியம் மிகுந்த நீரில் புளோரைட்டு பொதுவாகப் பெருமளவில் கரைந்து நிற்பதில்லை. ஆகவே அளவெட்டிக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த பிள்ளைக்கு இத்தழும்பு வரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் எங்கள் மக்கள் எல்லோரும் ஒரே கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அல்லர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பலர் பின்னர் திரும்பினார்கள். பலர் வன்னிக்குச் சென்று 2009ஆம் ஆண்டுவரை அங்கேயே வாழ்ந்தார்கள். அங்கும் வவுனியாவிலும் பிறந்து, சிறுவயதைக் குழாய்க் கிணற்று நீரோடு கழித்தவர்கள் இன்று இளைஞர்களாக எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கிளிப் போட்டுக் கழற்றிய பின் கண்ணாடியில் காணும் தழும்பு, இருபது வருடங்களுக்கு முன் குடித்த நீரின் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? கிளிப்பால் வந்த புள்ளி, கட்டை ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி அல்லது முரசோரமாகப் பிறை வடிவில், தெளிவான விளிம்புடன் இருக்கும். புளோரைட்டுத் தழும்பு இடம் வலம் இரு பக்கத்துச் சோடிப் பற்களிலும் ஒரேவிதமாக, பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாக அல்லது முகில் படர்ந்தது போலத் தெளிவற்ற விளிம்புடன் தெரியும். பல் முளைத்த நாள் முதலே இருக்கும். ஒரே ஒரு பல்லில் மட்டும் தனியாக உள்ள புள்ளி, பாற்பல்லில் முன்பு ஏற்பட்ட அடியாலோ சீழ்க்கட்டாலோ வந்திருக்கக்கூடும். இறுதி முடிவைப் பல்வைத்தியரே சொல்ல வேண்டும். பிள்ளை எந்த வயதில் எந்த ஊரில் இருந்தது, எந்த நீரைக் குடித்தது என்பதை நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. புளோரைட்டு தழும்பு தருமென்றால் புளோரைட்டுப் பற்பசையை ஏன் பாவிக்கச் சொல்கிறார்கள்? மிளிரி உருவாகும் வயதில் விழுங்கப்படும் மிகுதியான புளோரைட்டே தழும்பைத் தருகிறது. முளைத்து முற்றிய பல்லின் மேற்பரப்பில் படும் சிறிதளவு புளோரைட்டு, கனிப்பொருள் திரும்பவும் படிவதற்கு உதவுகிறது. அமிலத்தை எதிர்க்கும் வலுவையும் தருகிறது. ஆகவே கிளிப் போடும் வயதிலுள்ள பிள்ளைக்கு அதனால் புதிய தழும்பு வராது. சின்னஞ்சிறு பிள்ளைகள் பற்பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓர் அரிசி மணி அளவும், ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் போதும்.

முதல் ஆறு மாதங்கள்: பொறுமை

கிளிப்பால் வந்த புள்ளிக்கு முதற் சிகிச்சை, கிளிப்பைக் கழற்றுவதுதான். அத்துடன் படலம் தங்கும் மூலைகள் இல்லாமற் போகின்றன. உமிழ்நீர் தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. முதற் சில மாதங்களில் புள்ளிகள் ஓரளவு மங்குவதைக் காணலாம். சில மறைந்தும்விடும். ஆழமானவை குறைந்தாலும் முற்றாகப் போவதில்லை.

இக்காலத்தில் செய்ய வேண்டியவை எளியவை. பற்பசை உறையில் 1000 முதல் 1500 பி.பி.எம். வரையில் புளோரைட்டு உள்ளதா என்று பாருங்கள். காலையிலும் படுக்கைக்குச் செல்ல முன்னரும் இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பினால் போதும். அதன்பின் நீரால் நன்றாகக் கொப்பளித்துப் பசையை முற்றாகக் கழுவிவிட வேண்டாம். உணவு வேளைகளுக்கு இடையில் இனிப்பைக் குறையுங்கள்.

செறிவு கூடிய புளோரைட்டுப் பூச்சு கிளிப் போட்டிருக்கும் காலத்தில் நல்ல பாதுகாப்பு. ஆனால் கழற்றிய பின் முன்பற்களில் தெரியும் புள்ளிகளுக்கு அதனை உடனே பூசுவதைப் பல வைத்தியர்கள் தவிர்க்கிறார்கள். மேற்பரப்பு விரைவாக இறுகி மூடிக்கொண்டால், உள்ளேயுள்ள துளைகள் நிரம்பாமல் வெள்ளை நிலைத்துவிடும் என்பதே அவர்களுடைய கருத்து. பின்பற்களில், தோற்றத்தைவிடச் சூத்தையைத் தடுப்பதே முக்கியமாகையால் அங்கே பூசலாம்.

பாலிலுள்ள கேசீன் புரதத்திலிருந்து செய்யப்பட்ட பசை ஒன்றும் உண்டு. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெய்னோல்ட்ஸ் என்பவரின் குழுவினர் உருவாக்கியது இது. கல்சியத்தையும் பொசுபேற்றையும் பல்லின்மீது வைத்திருக்க உதவுகிறது. சாதாரண புளோரைட்டுப் பற்பசையைவிட இது எவ்வளவு மேலானது என்பதில் ஆய்வுகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. விலையும் அதிகம். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதனைப் பாவிக்கக் கூடாது.

பின்னரும் போகாத புள்ளிகளுக்கு

ஆறு மாதங்களின் பின்னும் புள்ளி மனதை வருத்துமானால், குறைந்த சேதம் உள்ள சிகிச்சையிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றிப் பார்க்கிறோம். உடனே வீட்டை இடிப்பதில்லை.

முதலாவது, பிசின் ஊட்டும் முறை. பேர்லின் சரிற்றே மருத்துவமனையிலும் கீல் பல்கலைக்கழகத்திலும் நடந்த ஆய்வுகளிலிருந்து இது வந்தது. 2009இல் ஐகொன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 15 வீத ஐதரோக்குளோரிக் அமிலக் களியால் புள்ளியின் மேற்படையை ஏறக்குறைய இரண்டு நிமிடம் திறந்து, கழுவி, நன்கு உலர்த்தி, நீர் போன்ற மெல்லிய பிசினை உள்ளே ஊற விடுகிறார்கள். பின்னர் ஒளி பாய்ச்சி இறுகச் செய்கிறார்கள். துளைகளிலிருந்த காற்றின் இடத்தைப் பிசின் பிடித்துக்கொள்வதால் ஒளி சிதறுவது குறைந்து, புள்ளி சூழவுள்ள பல்லோடு ஒத்துப்போகிறது. பல்லைக் குடைவதில்லை; ஊசியும் இல்லை. மெல்லிய புளோரைட்டுத் தழும்புக்கும் இது ஓரளவு உதவும்.

இரண்டாவது, மேற்படையை நுண்ணளவில் தேய்த்தெடுக்கும் முறை. அமிலமும் மெல்லிய தேய்ப்புத் தூளும் கலந்த பசையால் வைத்தியர் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று இரண்டு பங்கை நீக்குகிறார். ஆழமற்ற புள்ளிக்கும் கபிலக் கறைக்கும் நல்லது. ஆனால் எடுத்த மிளிரி திரும்பாது.

மூன்றாவது, வெளிறச் செய்தல். இது புள்ளியைப் போக்குவதில்லை. சூழவுள்ள பல்லை வெளிறச் செய்து வேறுபாட்டைக் குறைக்கிறது. தொடக்கத்தில் புள்ளி இன்னும் துலக்கமாகத் தெரியலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் செறிவு கூடிய வெளிறச் செய்யும் பொருள்களை 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாவிக்கத் தடை உண்டு. ஆகவே வெளிநாட்டிலிருந்து பொதியில் வரும் இத்தகைய பொருள்களைப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வைக்க வேண்டாம்.

கடைசி நிலையில்தான் பல்லின் முகப்பை நிரப்புபொருளால் அல்லது பீங்கான் தகட்டால் மூடுவது. பீங்கான் தகட்டுக்காகப் பொதுவாக நல்ல மிளிரியையும் சீவ வேண்டியிருக்கும். தகடு ஆயுள் முழுவதும் நில்லாது. மாற்ற வேண்டி வரும். பதினேழு வயதில் தொடங்கும் இச்செலவு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதை நகையை அடகு வைக்க முன்னர் எண்ணிப் பாருங்கள்.

வீட்டு வைத்தியத்தில் எச்சரிக்கை

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று எங்கள் முன்னோர் சொன்னதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பல்லை நாள்தோறும் துலக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை அது கற்பித்தது. ஆனால் கனிப்பொருள் குறைந்து பலவீனப்பட்ட இடத்தை உமிக்கரியாலோ செங்கட்டித் தூளாலோ தேய்த்தால் அந்த இடம் கரடாகி, கறை பிடிக்கும். தேசிக்காய்ச் சாறு சீமெந்துத் தரையில் சிந்தினால் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அமிலத்தால் வந்த நோய்க்கு அமிலத்தையே வீட்டில் மருந்தாகத் தேய்க்கக் கூடாது. வைத்தியர் பாவிக்கும் அமிலம் அளவோடு, நேரங் கணித்து, முரசை மூடிப் பாதுகாத்துப் பாவிக்கப்படுவது.

கிளிப் போட்டிருக்கும் பிள்ளையின் வீட்டில்

வந்தபின் பார்ப்பதைவிட வராமல் காப்பது மலிவு. கிளிப் போட முன்னரே சூத்தைப் பற்களை அடைத்து, பிள்ளை நன்றாகத் துலக்கப் பழகியிருக்க வேண்டும். கிளிப் உள்ள காலத்தில் ஒவ்வொரு உணவின் பின்னும் நீரால் கொப்பளித்து, கட்டைக்கு மேலும் கீழும் தூரிகையைச் சாய்த்துத் துலக்க வேண்டும். கம்பியின் கீழே நுழையும் சிறு தூரிகை பெரிதும் உதவும். வைத்தியர் சொன்னால் 0.05 வீத சோடியம் புளோரைட்டு வாய்கழுவி நீரை நாள்தோறும் பாவிக்கலாம். வாரம் ஒரு நாள் தாயோ தந்தையோ நல்ல வெளிச்சத்தில் பல்லைப் பார்க்க வேண்டும். முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் படலம் தங்குகிறது என்பது பொருள். இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்திவிடக் கூடாது. கட்டை கழன்றால் அடுத்த தவணைவரை காத்திராமல் காட்டுங்கள்.

தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த இந்த ஊரில் நாதஸ்வரம் பயிலும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் கிளிப் போட முன்னரே அதை வைத்தியரிடம் சொல்வது நல்லது. உதட்டின் உட்புறம் உரசாமல் கட்டைகளின்மீது வைக்கும் மெழுகு கிடைக்கிறது.

பணமில்லை என்று சும்மா இருக்க வேண்டியதுமில்லை. சிறுவர்களுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலும், ஏனையோருக்கு அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளிலும் இலவசப் பரிசோதனை உண்டு. முதல் ஆறு மாதங்களுக்குத் தேவையானது ஒரு பற்பசையும் ஒரு தூரிகையும் வீட்டாரின் கவனமுமே. வன்னியிலோ வவுனியாவிலோ கைக்குழந்தையோடு வாழும் உறவினர் உங்களுக்கு இருந்தால், குடிக்கும் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளும்படி இன்றே சொல்லுங்கள். நீரைக் கொதிக்க வைப்பதால் புளோரைட்டு நீங்காது. உலகச் சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயிலில் நிறைய நீர் குடிக்கும் எங்கள் நாட்டுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது.

கிளிப் கழற்றிய பிள்ளையின் பல்லில் வெள்ளையைக் கண்டால், முதலில் பழைய படத்தைத் தேடுங்கள். பின்னர் பல்வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் காலம்வரை பொறுத்திருங்கள். அதுவரை புள்ளியைச் சுட்டிக்காட்டி எவரும் கேலி செய்யாதபடி வீட்டிலும் வகுப்பிலும் பார்த்துக்கொள்வது பெரியவர்களாகிய எமது கடமை. பல் நேரானதே, பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பதற்காகத்தான்.